கூட யாரு வர்றா?

பயணத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. பெட்டிக்குள் முதலில் போனது துணியில்லை, ஒரு பை மசாலாப் பொடி. அதை வெளியே எடுத்தவர் என் வீட்டுக்காரர். “இதுல கசகசா இருக்கா?” என்றார். இருந்தது. கசகசா இல்லாமல் குருமாப் பொடி திரிக்க எனக்குக் கை வராது. சிங்கப்பூரிலும் துபாயிலும் அதைப் போதைப்பொருள் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள் என்று எங்கோ கேட்டு வந்திருக்கிறார். அது உண்மையும்கூட. நான் போவது மலேசியாவுக்கு என்றேன். “எந்த ஊரா இருந்தா என்ன, சமையல்காரி போதைப்பொருள் வழக்குல உள்ள போனா ஊரே சிரிக்கும்” என்று சொல்லி, பொடியைப் பழைய டப்பாவிலேயே கொட்டி மூடினார். அவருக்கு என்னை அனுப்ப மனமில்லை என்று சொல்ல முடியாது. அனுப்பிவிட்டு இருப்பது எப்படி என்றுதான் தெரியவில்லை.

பால்காரரிலிருந்து கோயில் வாசலில் பூக்கட்டும் அக்கா வரை எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “கூட யாரு வர்றா?” யாரும் வரவில்லை என்றால் ஒரு நொடி முகத்தைப் பார்க்கிறார்கள். அப்புறம், “சரி, பத்திரமா போயிட்டு வா” என்கிறார்கள். அந்த ஒரு நொடியில் அவர்கள் என்ன நினைக்கிறார்களோ, ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு நானும் அதையேதான் நினைக்கிறேன்.

கானாடுகாத்தானில் ஒரு பழைய செட்டியார் வீட்டை விடுதியாக்கியிருக்கிறார்கள். பதினான்கு வருடமாக அங்கே சமைக்கிறேன். ஏழெட்டு வருடமாகச் சமையல் சொல்லியும் கொடுக்கிறேன். முகப்பு, வளவு எல்லாம் தாண்டி இரண்டாங்கட்டில் அம்மி, ஆட்டுக்கல், விறகடுப்பு என்று பழையபடி வைத்திருக்கிறார்கள். விருந்தாளிகள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் அரைப்பதைப் படம் எடுப்பார்கள். வெள்ளைப் பணியாரத்துக்கு என்ன கணக்கு என்று கேட்பார்கள். ஆழாக்கு நிறையப் பச்சரிசியை அளந்து, அதன் தலையில் உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவு என்பேன். விடுதிப் பையன் அதை ஆங்கிலத்தில் சொல்வான். அவர்கள் சிரித்துவிட்டு, “எத்தனை கிராம்?” என்று மறுபடி கேட்பார்கள்.

வருபவர்களில் தனியாக வரும் பெண்கள் உண்டு. அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊர், முதுகில் ஒரு பையோடு வந்து நான்கு நாள் தங்கினார். மதியம் பந்திப் பாயில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து இலையில் சாப்பிட்டார். ரசத்தை அள்ளிக் குடிக்கத் தெரியாமல் முழங்கை வரை வழிய விட்டுக்கொண்டு, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் சிரித்தார். “துணைக்கு யாரும் வரலையா?” என்று பையன் வழியாகக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. எண்ணெய்ச் சட்டியைக் காட்டி இன்னொரு சீயம் வேண்டும் என்று சைகை காட்டினார். அப்போது எனக்கு அவர்மேல் கொஞ்சம் பாவமாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் கடல் தாண்டிய முதல் ஆள் நான் இல்லை. என் ஐயா, அப்பாவைப் பெற்றவர், 1938இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனார். இருபது வயது. செட்டியாராக அல்ல, செட்டியார்களுக்குச் சோறாக்க. செட்டிநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பர்மாத் தேக்கையும் பெல்ஜியம் கண்ணாடியையும் எழுதுவார்கள். வட்டிக்கடைக் கிட்டங்கியில் விடியற்காலை எழுந்து உலை வைத்தவனைப் பற்றி எழுதுவது அபூர்வம்.

கிட்டங்கி என்பது நீளமான கூடம். ஆளுக்கொரு பெட்டியும் பாயும் போட்டு ஒவ்வொரு கடைக்காரரும் உட்கார்ந்திருப்பார். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று அங்கே படி உண்டு. பகலில் அதே இடத்தில் கொடுக்கல் வாங்கல், ராத்திரி அதே இடத்தில் தூக்கம். பல கடைகளுக்கும் சேர்த்துச் சமையல் ஒன்று. இப்படிக் கடல் தாண்டித் தொழிலுக்குப் போவதைக் கொண்டுவிற்கப் போவது என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். மூன்று வருடம் ஒரு கணக்கு. கணக்கு முடிந்தால்தான் ஊர். பெண்டுபிள்ளைகளைக் கூட்டிப் போகும் வழக்கம் அப்போது அநேகமாக இல்லை. ஆச்சிமார்கள் இங்கே வளவில் இருந்து வற்றல் போட்டு, ஊறுகாய் போட்டு, அதைக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கைப்பக்குவம் கடல் தாண்டியது, அவர்கள் தாண்டவில்லை.

ஐயாவின் மூன்று வருடக் கணக்கு 1941இல் முடிந்திருக்க வேண்டும். அந்த டிசம்பரில் ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்துவிட்டான். கடிதம் நின்றது. அப்பத்தாவுக்குக் கல்யாணமாகி அவரோடு இருந்தது மொத்தம் ஏழு மாதம். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி இருந்ததாகச் சொல்லும். 1946இல் ஒருநாள் மத்தியானம் புளியமரத்தடியில் மெலிந்த ஒரு ஆள் வந்து நின்றார். அப்பத்தா முதலில் பிச்சை கேட்க வந்தவர் என்று நினைத்துக் கஞ்சி எடுக்க உள்ளே போனது. எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

திரும்பி வந்த ஐயா சாகும்வரை மரவள்ளிக் கிழங்கைத் தொடவில்லை. அங்கே யுத்தகாலத்தில் அரிசி கிடைக்காமல் அதைத்தான் தின்று உயிர் வைத்திருந்திருக்கிறார்கள். அவர் கொண்டுவந்த இன்னொன்று கவுனி அரிசிக் கஞ்சி. செட்டிநாட்டில் கவுனி அரிசியை எப்படிச் செய்வோம் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: முதல்நாள் ராத்திரியே ஊறப்போட்டு, குழைய வேகவைத்து, சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் சேர்த்து, கெட்டியாக, கல்யாணப் பந்தியில் முதல் இனிப்பாக. ஐயா அதைக் கஞ்சியாக விட்டுவிடுவார். மேலே கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றுவார், அந்தப் பாலில் உப்புப் போட்டிருப்பார். இனிப்பில் உப்பா என்று அப்பத்தா தலையில் அடித்துக்கொள்ளும். நெய் வாங்கக் காசில்லாமல் தேங்காய்ப்பாலை ஊற்றி ஒப்பேற்றுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். எனக்கு ஒன்பது வயதில் அவர் போய்விட்டார். அந்தக் கஞ்சியை அப்புறம் யாரும் வைக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் மலேசியாவிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் விடுதிக்கு வந்தது. பூர்வீகத்தைப் பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி வருவார்கள். பேச்சுவாக்கில் ஐயா கஞ்சியைப் பற்றிச் சொன்னேன். அந்த வீட்டு அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “அக்கா, அது புலுட் ஹித்தாம். எங்க ஊர்ல தெருவுக்குத் தெரு விப்பாங்க. உப்புப் போட்ட தேங்காய்ப்பால் ஊத்தித்தான் கொடுப்பாங்க.” புலுட் என்றால் ஒட்டும் அரிசி, ஹித்தாம் என்றால் கறுப்பு.

நான் அன்றைக்கு ஒழுங்காகச் சமைக்கவில்லை. நாற்பது வருடமாக ஏழ்மை என்று நாங்கள் நினைத்திருந்தது ஒரு ஊரின் ருசி. அந்த மனுஷன் தான் சாப்பிட்டதை எங்களுக்கு ஊட்டப் பார்த்திருக்கிறார். நாங்கள் நெய்யில்லை என்று முகம் சுளித்திருக்கிறோம்.

அந்த அம்மாவே இன்னொன்றும் சொன்னார். அங்கே பழைய சமையல்காரிகளிடம் அளவு கேட்டால் “அகா-அகா” என்பார்களாம். சுமாராக, கண் அளவில் என்று அர்த்தம். நான் கோபுரம் குவித்துக் காட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார்.

அதற்கப்புறம் சீட்டுப் பணம் கைக்கு வந்தபோது, மகள் கல்யாணத்துக்கு வைக்கட்டுமா, கூரை ஓடு மாற்றட்டுமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே, “பினாங்குக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டேன். எனக்கே அது என் குரலா என்று சந்தேகம். என்னைப் பெற்ற அம்மா கேட்டது சரியான கேள்வி: “சமைக்கத் தெரிஞ்சவ எதுக்குடி காசு குடுத்துச் சமையல் கத்துக்கப் போறே?” அதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

பாஸ்போர்ட் எடுத்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விசாரணைக்கு வந்தவர், “வேலைக்கா?” என்றார். “இல்லைங்க, சாப்பிட” என்றேன். அவர் பேனாவை எடுத்தபடி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சுற்றுலா என்று எழுதிக்கொண்டார். 2023 டிசம்பரிலிருந்து மலேசியா நம்மவர்களுக்கு 30 நாள் வரை விசா கேட்பதில்லை. வருகை அட்டையை மட்டும் போய் இறங்குவதற்கு முன்னான மூன்று நாளுக்குள் போனில் நிரப்ப வேண்டும். அதை மகள் பார்த்துக்கொள்வாள். திருச்சியில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர், அங்கிருந்து ரயிலில் பட்டர்வொர்த், அப்புறம் படகில் கால்மணி நேரம். பினாங்கில் எட்டு நாள், மலாக்காவில் மூன்று நாள். பினாங்கில் சீனமும் மலாயும் கலந்த நோன்யாக் குடும்பத்து அம்மா ஒருவரிடமும் மலாக்காவில் ஒரு செட்டி வீட்டிலும் சமையல் பார்க்கப் போகிறேன். மலாக்காச் செட்டிகள் நம் பக்கத்துச் செட்டியார்களான நகரத்தார் இல்லை. சுல்தான் காலத்திலேயே அங்கே போய், மலாய் பேசி, சிவனையும் மாரியம்மனையும் விடாமல் கும்பிட்டு வரும் பழைய தமிழ்க் குடி. அவர்கள் வீட்டுக் குழம்பில் எதை விட்டிருக்கிறார்கள், எதை வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆசை மட்டும் என்றால் ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.

பயங்களைச் சொல்கிறேன். ஆங்கிலம் வராது என்பது சின்னப் பயம். பினாங்கில் தமிழுக்குப் பஞ்சமில்லை. நாசி கண்டார் கடைகளை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் நம் தமிழ் முஸ்லிம்கள், கடையநல்லூர்ப் பக்கமிருந்து போனவர்களும் அதில் உண்டு. நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் தூக்கும் காவடித்தடி. ஒரு பக்கம் சோறும் இன்னொரு பக்கம் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத்தில் விற்றதால் வந்த பெயர். எனவே பட்டினி கிடக்க மாட்டேன். சார் குவே தியோ என்கிற பட்டை அரிசி நூடுல்ஸைப் பழைய முறைப்படி பன்றிக்கொழுப்பில் வறுப்பார்கள், நான் பன்றியும் மாடும் சாப்பிடுவதில்லை, அதை எப்படிக் கேட்பது என்று இன்னொரு பயம். அதற்கு மகள் ஒரு அட்டையில் மலாயிலும் சீனத்திலும் எழுதி, தேய்ந்துபோகாமல் இருக்க லேமினேட் செய்து கொடுத்துவிட்டாள். பெலச்சான் என்கிற இறால் விழுதின் வாடை தாங்குமா என்றும் கேட்கிறார்கள். கருவாட்டுக் குழம்பு வைக்கிற மூக்குக்கு அதெல்லாம் ஒரு பயமா?

இதைவிடக் கொஞ்சம் பெரிய பயம் ஒன்று உண்டு. பதினான்கு வருடமாக “இது செட்டிநாட்டுச் சமையல்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி வந்திருக்கிறேன். மிளகைக் கூடுதலாகப் போட்டுச் சிவப்பாக எதைச் செய்தாலும் செட்டிநாடு என்று பெயர் வைக்கும் ஓட்டல்கள்மேல் எனக்குத் தீராத எரிச்சல். ஆனால் நான் செட்டிநாடு என்று காட்டுவதிலேயே எவ்வளவு நம்முடையது? அன்னாசிப்பூ சீனத்துப் பக்கத்து மரம். கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது என்று நம் பெரியவர்களே சொல்வார்கள். விருந்தில் வெட்டி வைக்கும் அகர் அகர், பெயரே மலாய்ப் பெயர். அங்கே போய் எல்லாவற்றையும் அதனதன் சொந்த வீட்டில் பார்த்துவிட்டால், திரும்பி வந்து விருந்தாளிகள் முன் என்ன சொல்வேன்? இதைச் சொன்னபோது வீட்டுக்காரர், “மிளகாயும்தான் வெளிநாட்டுலருந்து வந்துச்சு, அதுக்கு என்ன பண்ணுவே?” என்றார். நியாயம்தான். ஆனாலும் மிளகாயை நான் யாரிடமும் நம்முடையது என்று பெருமையடித்ததில்லையே.

தண்ணீர்மலை என்று பெயருள்ள செட்டியார்களை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அது ஏதோ பழனி மாதிரி நம் நாட்டு மலை என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். பினாங்கில் அருவிக்கரையில் நகரத்தார் 1857இல் கட்டிய தண்டாயுதபாணிக்குத்தான் அந்தப் பெயர். தைப்பூசத்துக்கு அங்கே ஓடும் வெள்ளித்தேர் 1894இல் இங்கிருந்து கப்பலில் போனது. பெயர் அங்கிருந்து வந்திருக்கிறது, தேர் இங்கிருந்து போயிருக்கிறது. போகும்போது அந்தச் சந்நிதியில் ஐயா பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்யவேண்டும். அவர் நட்சத்திரம் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயத்தை மகள்தான் கண்டுபிடித்தாள், அதுவும் தெரியாமல். “நானும் லீவு போட்டுட்டு வரட்டாம்மா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. காரணத்தை அப்போது சொல்லத் தெரியவில்லை. அவள் கூட வந்தால் தட்டு வந்ததும் நல்ல துண்டை அவள் பக்கம் தள்ளுவேன். அவளுக்குப் பிடித்ததைத்தான் கேட்பேன். அவள் சாப்பிட்டாளா என்று பார்ப்பதிலேயே என் நாக்கு வேலை செய்யாது. வீட்டுக்காரர் வந்தால் அதைவிட மோசம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தெட்டு வயதில், நானாக ஒரு கடைக்குள் போய், எனக்கு மட்டும் இது வேண்டும் என்று கேட்டு, உட்கார்ந்து, தனியாக, சூடாகச் சாப்பிட்டது ஒரு தடவைகூட இல்லை. பந்தி முடிந்து, எல்லோரும் வெற்றிலை போட்ட பிறகு, சட்டியில் மிச்சமிருப்பதைப் பார்த்து உட்கார்வதுதான் பழக்கம். யாரும் கொடுமைப்படுத்தவில்லை, பழக்கம், அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் பதினோரு நாள், நாளுக்கு மூன்று வேளை, தனியாக உட்கார்ந்து பிறர் கையால் சாப்பிட வேண்டும். அந்த ஐரோப்பா அம்மாவைப் பார்த்துப் பாவப்பட்டேன் என்றேனே, அது பாவமில்லை. என்னால் முடியாது என்கிற பயம்தான் அப்படி வேஷம் போட்டிருந்தது.

சரி, ஒத்திகை பார்ப்போம் என்று போன புதன்கிழமை காரைக்குடிக்குப் பஸ் ஏறினேன். பணம் மாற்றப் போவதாக வீட்டில் சொன்னேன். மாற்றவும் செய்தேன். பிறகு மத்தியானம் ஒரு மெஸ்ஸுக்குள் நுழைந்தேன். கல்லாவில் இருந்தவர், “எத்தனை பேரும்மா?” என்றார். விரலைக் காட்டினேன். வாயைத் திறந்தால் குரல் எப்படி வருமோ என்று சந்தேகம். மூலையில் இரண்டு பேர் மேசை கிடைத்தது. இலை போட்ட தம்பி எதிர் நாற்காலியைப் பார்த்துவிட்டு, “கூட வர்றவங்க வரட்டுமா, பரிமாறட்டுமா?” என்றான்.

“ஒருத்திதான். போடு.”

முதல் ஐந்து நிமிடம் சாப்பிட்டேனா என்றே நினைவில்லை. பக்கத்து மேசையில் ஒரு குழந்தை தண்ணீருக்கு எட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உள்ளே சட்டி உரசும் சத்தம் கேட்டால் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன். சுக்கா வந்தது. சோற்றைப் பிசைந்து பாதிக்கு மேல் சாப்பிட்டபின் பார்த்தால், கறித் துண்டுகள் எல்லாம் இலையின் ஓரத்தில் ஒதுங்கியிருந்தன. வரிசையாக, அழகாக. நான்தான் ஒதுக்கியிருக்கிறேன். வீட்டில் அப்படி ஒதுக்கினால் கடைசியில் யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள்.

யாரும் வரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டேன். வெள்ளாட்டுக்கறி, நெஞ்செலும்புப் பக்கம். கல்பாசி ஒரு நொடி கூடுதலாக எண்ணெயில் இருந்துவிட்டது. அந்தக் கசப்பு மூன்றாவது துண்டில்தான் பிடிபட்டது. சோம்பு கையால் நுணுக்கியது, மெஷின் இல்லை. சின்ன வெங்காயம் பாதியும் பெரிய வெங்காயம் பாதியுமாகப் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள். ஆறாமல், அவசரமில்லாமல், இன்னொருத்தர் சமைத்ததை இவ்வளவு தூரம் ஊன்றிச் சாப்பிட்டது எப்போது என்று யோசித்தேன். தம்பி மறுபடி வந்தான். “இன்னும் கொஞ்சம் சோறு போடு, ரசம் ஊத்து” என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. கல்லாக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அவர், “சாப்பிட்டியா?” என்றார். சாப்பிட்டேன் என்றேன். அவர் எனக்காகக் காத்திருந்து, நான் வைத்துவிட்டுப் போன குழம்பை அடுப்பில் ஏற்றி, அடி பிடிக்க விட்டிருந்தார். அதையும் கொஞ்சம் போட்டுச் சாப்பிட்டேன். பதினோரு நாளில் அந்தச் சட்டி என்ன ஆகுமோ.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்று காலைகூட டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று மகளிடம் கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

இப்போது மணி ஒன்பதரை. கவுனி அரிசியைக் களைந்து ஊறப்போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். நாளைக்கு ஐயா முறைப்படி கஞ்சியாக வைக்கப் பார்க்கிறேன், நெய்யில்லாமல். அங்கே போய் முதல் கிண்ணத்தை வாயில் வைக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க நாக்கில் ஏதாவது இருக்க வேண்டுமே. தேங்காய் உரித்தாகிவிட்டது. உப்பு எவ்வளவு என்றுதான் அம்மாவைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. கட்டைவிரலால் மூன்று விரலைத் தேய்த்துக் காட்டி, “உங்க ஐயா இப்படித்தான் போடுவாரு” என்றாள்.